மாப்ள கேட்ட கேள்வி

பையத் தூக்கி மேல வெச்சிருங்க சார். கோயமுத்தூரு போற வரைக்கும் மடியிலயே வெச்சுக்கிட்டு எப்புடி ஒக்காந்திருப்பீங்க? வழி நெடுக நின்னு நின்னுதான் போவான் இந்த பஸ்ஸுக்காரன்.

அதென்னங்க கட்டுக் கட்டா? பரிச்சப் பேப்பருங்களா? அப்ப வாத்தியாரு. காலேஜுலயா? பாத்தாத் தெரியலீங்க, படிக்கற பையனாட்டம் இருக்கறீங்க. என்ன பாடமுங்க நடத்தறீங்க? யாவாரப் பாடமா! அட, அதுக்குன்னு ஒரு படிப்பே இருக்குதுங்களா. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். எல்லாம் இங்கிலீசுல இருக்குது. இந்தக் கேள்வி என்னன்னு சித்தெ தமிழ்ல சொல்லுங்க பாக்கலாம்.

ஒலகம் மாறுனா யாவாரம் தன்ன எப்புடி மாத்திக்கோணும். பதினஞ்சு மார்க்கு.

அட சாமி! பதினஞ்சு மார்க்குல எழுதி முடிக்கற சங்கதிங்களா அது? நான் இருவது வருசமா எழுதிட்டிருக்கேன், இன்னும் பாஸாகல. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். உங்க பசங்களுக்கெல்லாம் நான் வந்து ஒரு நாளு பாடம் எடுக்கோணும்.

எம் பேரு நாச்சிமுத்துங்க. ஆனமலைப் பக்கம். மட்டை மில்லு வெச்சிருந்தோம், நானும் என்ர மச்சினனும். இப்பச் சுந்தராபுரத்துக்குப் போறேன். என்ர ஊட்டுக்காரி சிவகாமி அங்க அவ தம்பி ஊட்டுல இருக்கறா. அவன் வாடகைக்கு ஊடு மாறி வந்தான், பால் காய்ச்சறதுக்குன்னு பங்குனியில போனவ. இப்ப ஆனி பாதி ஓடிப்போச்சு. ரெண்டு வாட்டி போய்க் கூப்பிட்டுப் பாத்துட்டேன், வரல. இது மூணாவது. இன்னிக்குக் கூட்டிட்டுத்தான் வருவேனுங்க. பொம்பள இல்லாத ஊடு ஊடுங்களா? மூணு மாசமா ரசத்த நானே வெச்சு நானே குடிக்கறேன். உப்பு எத்தனை போடறதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குள்ள புளி தீந்துபோகுது.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இத்தன வருசத்துல அவள நான் ஒரு அடி அடிச்சதில்ல. எல்லாத்துக்கும் அவ தம்பி திருமூர்த்திதான் காரணம். நான் சொல்றதக் கேளுங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க.

மில்லு ஆரம்பிச்சப்ப பாதிப் பாதி. எடம் என்னோடது. மெசினு அவன் பாத்துக்குவான், டிப்ளமோ படிச்சவன். வெளியாளுகளப் பாக்கறது, பேசறது, முடிவெடுக்கறது நான். தேங்கா மட்டையப் போட்டு அடிச்சா நாரு தனியா வரும், தூளு தனியா வரும். நாரு சீனாவுக்குப் போகும், மெத்தை செய்யறதுக்கு. தூளு குப்பை. களத்துக்குப் பின்னால கொட்டிக் கொட்டி மலையாட்டம் கெடக்கும். காத்தடிச்சா ஊரே இருமும். யாராச்சும் பீடியப் போட்டுட்டாப் போச்சு, ரெண்டு மாசம் பொகையும். அத எவனாவது வந்து அள்ளிட்டுப் போனா அவனுக்கு டீ வாங்கிக் குடுப்போம்.

ஒரு நாளு திருமூர்த்தி கையில செங்கல்லாட்டம் ஒரு கட்டியத் தூக்கிட்டு வந்தான். "மச்சான், இந்தத் தூளத் தண்ணியில அலசி, உப்ப எடுத்து, காய வெச்சு, கட்டியா அமுக்கிட்டேன். ஹாலந்துல தக்காளி, ரோசாப்பூ எல்லாம் இதுலதான் வளத்தறாங்களாமா. சாம்பிள் அனுப்பிட்டேன்"னான்.

கவனிச்சீங்களா? அனுப்பட்டுமான்னு கேக்கல. அனுப்பிட்டேன். அதுதானுங்க அவங்கிட்ட இருக்கற கொற. மத்தபடி தங்கமான பையன். பீடி சிகரெட்டு கெடையாது, வம்பு வழக்கு கெடையாது. ஆனா ஒரு நாளாச்சும் "மச்சான், இதுக்கு என்ன பண்ணலாம்?"னு கேட்டதில்ல. வந்து நிப்பான், "இப்புடிப் பண்ணிட்டேன் மச்சான்"னு சொல்லிப்போட்டுப் போயிருவான். நான் என்ன, சாமி செலையா? சேதி சொல்லிட்டுப் போறதுக்கு?

"ஏண்டா மாப்ள, வெள்ளக்காரன் ஊருல மண்ணா இல்ல, நம்ம குப்பைய வாங்கி வெதைக்கறதுக்கு?"ன்னு கேட்டேன். களத்துல வேல செஞ்ச பொம்பளைக எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சுட்டு அடுத்த கட்டிய அமுக்கப் போயிட்டான். ஒரு வருசம் நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.

அப்புறம் சீனாக்காரன் நாரு வாங்கறதக் கொறைச்சுப்போட்டான். மில்லு மில்லாப் பூட்டுனாங்க. சுத்துப்பட்டுல பத்துப் பேரு தூளுக்கு மாறுனதுக்கப்புறம் நானும் ஒக்காந்து ரோசனை பண்ணினேன். பண்ணிட்டு, "மாப்ள, இனி நமக்குத் தூளுதாண்டா"ன்னு முடிவு சொன்னேன். "சரிங்க மச்சான்"னான். யாவாரத்துல முடிவெடுக்கறதுதானுங்க பெருசு. அத உங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க. சாம்பிள யாரு வேணும்னாலும் அனுப்பலாம்.

நல்லாத்தான் போச்சு சார். ஆறேழு வருசம் நாங்க ராசா மாதிரி இருந்தோம். ஹாலந்துலருந்து பீட்டருன்னு ஒருத்தன் வாங்கிட்டிருந்தான். ஒரு வாட்டி எங்கூருக்கே வந்தான். ஆறடிக்கு மேல ஒசரம். கதவுல தலைய இடிச்சுக்கிட்டான். அவனுக்குன்னு கெடா வெட்டுனோம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்தையும் கூப்பிட்டு எலை போட்டோம். காரந் தாங்காம கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனா எலைய மடிக்கல அவன். கெளம்பறப்ப எங்கையப் புடிச்சுக்கிட்டு "பாஸு"ன்னான். திருமூர்த்தியச் சொல்லல, என்னச் சொன்னான். சிவகாமி அவம் பொஞ்சாதிக்கு ஒரு சேலை வெச்சுக் குடுத்தா. அன்னிலருந்து அவன் எங்களுக்கு யாவாரக்காரன் இல்லீங்க, ஒறம்பரை.

அப்பறந்தான் கொரோனா வந்துச்சு. அது போயும் போகாம இருந்தப்ப கப்பல் கூலி ஏறுச்சு பாருங்க. ஏறுச்சுன்னா, ஒண்ணுக்கு அஞ்சு. தூத்துக்குடியிலருந்து ஒரு கண்டெய்னர் பொட்டி போறதுக்கு ஆகற கூலி, உள்ள இருக்கற சரக்கோட வெலையத் தாண்டிப்போச்சு. நாங்க பீட்டருகிட்ட வருசத்துக்கு ஒரே வெலைன்னு எழுதிக் குடுத்திருந்தோம், கப்பல் கூலி எங்களோடது. திருமூர்த்தி சொன்னான், "மச்சான், அவனுக்கு லெட்டர் போட்டுட்டேன். கூலி ஏறிப்போச்சு, பாதி நீ குடு, இல்லாட்டி இந்த வருசம் எங்களால அனுப்ப முடியாதுன்னு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஊட்டுல ஒக்காந்து சோறு தின்னுட்டுப் போனவங்கிட்டப் போயி வண்டிக் கூலி கேக்கறதா? நாளைக்கு அவன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்? "அந்த லெட்டர வாபஸ் வாங்கு"ன்னேன். "மச்சான், அவனுக்கு இது தப்பாவே படாது, அங்கெல்லாம் எல்லாரும் இப்புடித்தான் எழுதிக்கறாங்க"ன்னான். அவங்கவங்க ஊரு வழக்கம் அவங்கவங்களுக்கு. நம்ம வழக்கம் என்ன? வாக்குன்னா வாக்கு.

ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. சரி, நமக்கு மேல ஒருத்தி இருக்கறாளே, அவளே சொல்லட்டும்னு மாகாளியம்மன் கோயிலுக்குப் போனேன். எங்க பக்கம் பூக் கேக்கற வழக்கம் இருக்குதுங்க. வெள்ளைப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம், ரெண்டையும் ஒரே மாதிரிக் கட்டிச் சாமி முன்னால வெச்சு, ஒண்ணும் அறியாத கொழந்தைய எடுக்கச் சொல்றது. வெள்ளை வந்தா நெனச்சதச் செய்யலாம். செவப்பு வந்தா விட்றோணும். நான் நெனச்சது, பழைய வெலைக்கே அனுப்பறது.

திருமூர்த்தி மக இனியாவத்தான் கூட்டிட்டுப் போனேன். மொதல்ல எடுத்தா, செவப்பு. கொழந்தைய அவங்கம்மா குளிக்க வெக்காம அனுப்பியிருக்கறா. நான் குழாயடியில கையுங்காலும் கழுவிக் கூட்டியாந்து மறுக்கா எடுக்கச் சொன்னேன். செவப்பு. அது பொட்டலம் சரியாக் கட்டல சார், ஓரத்துல செவப்புத் தெரிஞ்சுது, கொழந்தைகளுக்குச் செவப்புன்னாத்தான் ஆசையாச்சே. நானே கெட்டியாக் கட்டி மறுக்கா வெச்சேன். மூணாவது வெள்ளை. பாத்தீங்களா! அம்மன் வாக்கு எப்புடி வந்து நின்னுச்சுன்னு. பூசாரி என்னமோ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வெளக்குத் திரியத் தூண்டிட்டிருந்தாரு. அவருக்கு வயசாகிப்போச்சு.

அந்தக் கழுத போயி அப்பங்கிட்டச் சொல்லிப்போட்டா. சாயங்காலம் வந்தான். கத்தலீங்க. கத்தறவனாவே இல்ல அவன். "மச்சான், சாமிகிட்ட மூணு வாட்டி கேட்டீங்களாமா. எங்கிட்ட ஒரு வாட்டி கேட்டிருக்கலாமுல்ல?"ன்னான்.

அவனக் கேக்கறதா? நானா? பொண்ணு எடுத்தவன் நான். நல்லாயிருக்குதே நாயம்.

பிரிச்சுக்கிட்டோம். பெரியவங்க நாலு பேர வெச்சு, களத்துக்கு நடுவுல சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப் பக்கம் அவனோடது, இந்தப் பக்கம் என்னோடதுன்னு ஆகிப்போச்சு. பீட்டர நானே வெச்சுக்கிட்டேன். வாக்கக் காப்பாத்தினேனுங்க. அந்த வருசம் முச்சூடும், ஒரு பொட்டி தவறாம அனுப்பினேன். ஒவ்வொரு பொட்டிக்கும் நான் எதுலருந்து எடுத்துப் போட்டேன்னு உங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது. வருசம் முடிஞ்சுது. பீட்டரு ரெண்டு வரி எழுதியிருந்தான். இனிமே இலங்கையில வாங்கறானாமா, வெல தோதா இருக்குதாமா, ரொம்ப நன்றி பாஸு. கெடாக்கறி தின்னவன் சார்! எலைய மடிக்காமத் தின்னவன்!

மெசின எடைக்குப் போட்டேன். என்ர பாதிக் களத்த இப்பக் கொப்பரை காயப் போடறவங்களுக்கு விட்டிருக்கேன்.

திருமூர்த்தியக் கேக்கறீங்களா? அவன் பச்சோந்திங்க. ஹாலந்து போனாப் போகுதுன்னு கொரியாவப் புடிச்சான். கட்டி வேண்டாம், பைக்குள்ள தூள அடைச்சுக் குடுன்னு கேட்டாங்களாமா, பை தைக்க மெசினு வாங்கினான். அங்க வெல படுத்துச்சு, அமெரிக்காவுக்கு மாறினான். அங்க ஸ்ட்ராபெரிப் பழத்துக்கு வேற அளவு வேணும்னாங்க, மட்டையையே துண்டு துண்டா வெட்டிக் கலந்து குடுத்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெசினு, ஒரு சர்ட்டிபிகேட்டு, உப்பு அளக்க ஒரு மீட்டரு. நாலு வருசம் நான் என்ர ஊட்டு வாசல்ல சேரப் போட்டு ஒக்காந்து அவன் களத்துல லாரி வாரதையும் போறதையும் பாத்துட்டிருந்தேன். நாப்பது பொம்பளைகளுக்கு வேல குடுத்தான். பக்கத்துலதான் இருந்தேன். ஒரு நாளு வந்து கேக்கல. பொங்கலுக்கு வருவான், அக்காளுக்குச் சேலை வெப்பான், எனக்கு வேட்டி வெப்பான், "நல்லாருக்கறீங்களா மச்சான்"ம்பான், போயிருவான். யாவாரத்தப் பத்தி ஒரு வார்த்த கெடையாது. நான் பொறாமைப் பட்டேன்னு நெனைக்காதீங்க. எம் மனசுல இருந்தது அது இல்ல. இவனுக்கு ஒரு நாளு முட்டும், அன்னிக்கு எங்கிட்ட வருவான், வந்து ஒக்காந்து கேப்பான். அதுதான் இருந்துச்சு. சிவகாமிகிட்டக்கூடச் சொல்லுவேன். "உந்தம்பி ஒரு நாளைக்கு வருவான் பாரு"ன்னு. "எதுக்கு வரோணும், அவன் நல்லாத்தான இருக்கறான்"ம்பா.

வந்தானுங்க.

போன ஆவணியில. அமெரிக்காவுல நம்ம சரக்குக்கெல்லாம் வரி போட்டான் பாருங்க, பாதிக்குப் பாதி, அப்ப. அதுக்கு முன்னாடியே தேங்கா வெல ஏறி மட்டை கெடைக்காம ஆகிப்போச்சு. முன்னாலயும் அடி, பின்னாலயும் அடி. காலைல பதினோரு மணி இருக்கும். செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வந்து, எனக்கு எதுக்க ஒக்காந்தான். தாடி மழிக்கல.

"மச்சான், அமெரிக்காக்காரன் ஆர்டர நிறுத்தி வெச்சுட்டான். வேற ஊருக்குத் திருப்பலாம்னா எல்லாரும் அங்கதான் திருப்பறாங்க. பாலக்காட்டுக்காரரு ஒருத்தரு களத்தையும் மெசினையும் அப்புடியே எடுத்துக்கறேங்கறாரு. நல்ல வெலதான் சொல்றாரு. குடுத்துப்போட்டு ஒதுங்கிரலாமான்னு இருக்குது. ஆனா நாப்பது குடும்பம் இருக்குது. எனக்கு இந்த வாட்டி ஒண்ணுமே புரியல. என்ன பண்ணட்டும்? நீங்க சொன்னாச் செய்யறேன்"னான்.

எனக்குள்ள என்ன ஆச்சுன்னு சொல்லட்டுங்களா? குளுகுளுன்னு இருந்துச்சு சார். பாவந்தான், அவன் மூஞ்சியப் பாத்தாக் கல்லுங் கரையும். ஆனா எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. ஒடனே சொல்லலீங்க நான். "சிவகாமி, மாப்ளைக்குக் காப்பி போடு"ன்னேன். வெத்தலைய எடுத்தேன். காம்பக் கிள்ளினேன். சுண்ணாம்பு தடவினேன். அவன் என்ர வாயையே பாத்துட்டிருந்தான். அந்த அஞ்சு நிமிசம் இருக்குதே, என்ர கல்யாணத்தன்னிக்குக்கூட என்ன யாரும் அப்புடிப் பாத்ததில்ல.

அன்னிக்குக் காலைலதான் சலூன்ல பேப்பர் படிச்சிருந்தேன். ரெண்டு ஊரும் பேச்சுவார்த்த நடத்துதுன்னு போட்டிருந்தான். "விக்காதடா மாப்ள"ன்னேன். "ரெண்டே மாசம். வரி எறங்கிரும். அதுவரைக்கும் ஆளுகள நிறுத்தாம, அடிச்சு, காய வெச்சு, கட்டி போட்டு அடுக்கிக்கிட்டே இரு. எறங்கற அன்னிக்கு ஒலகமே தூளுக்கு அலையும். உங்கிட்ட மட்டுந்தான் சரக்கு இருக்கும்"னேன்.

"நிச்சயமாச் சொல்றீங்களா மச்சான்?"

"நான் என்னிக்குடா தப்பாச் சொல்லியிருக்கேன்?"

அவன் சிரிச்சிருவானோன்னு ஒரு நிமிசம் எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. சிரிக்கல. தலைய ஆட்டினான். காப்பி வந்துச்சு, குடிக்காமயே எந்திரிச்சுப் போயிட்டான். அன்னிக்கே பாலக்காட்டுக்காரருக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிப்போட்டான். இருவது வருசமா எம் பேச்சக் கேக்காதவன், அன்னிக்குக் கேட்டான் சார். எழுத்து மாறாம கேட்டான்.

ஆவணி போச்சு, பொரட்டாசி போச்சு. வரி எறங்கல. அவன் அடுக்கிக்கிட்டே இருந்தான். குடோனு நெறஞ்சு போயி, களத்துல அடுக்கித் தார்ப்பாயப் போட்டு மூடினான். நான் வாசல்லருந்து பாத்துட்டுத் தைரியம் சொல்லுவேன், "இன்னுங் கொஞ்ச நாளுதாண்டா மாப்ள"ன்னு. கைய ஆட்டுவான். ஐப்பசி மழை மூணு நாளு விடாம அடிச்சுது. அந்தக் கட்டி இருக்குது பாருங்க, அதுல தண்ணி பட்டா அஞ்சு மடங்கு ஊதும். அதுக்குத்தான அத வாங்கறதே. தார்ப்பாயிக்கு அடியில தண்ணி பூந்துருச்சு. காலைல நான் வெளிய வந்து பாக்கறேன், அவன் களம் முச்சூடும் மேல எந்திரிச்சு வந்துட்டிருக்குது. கட்டுன கயிறெல்லாம் படார் படார்னு தெறிக்குது. தார்ப்பாயி கிழிஞ்சு, சுவரு சாஞ்சு, நாங்க ஒரு காலத்துல பின்னால கொட்டி வெச்சிருந்தோமே குப்பை, அதே மலை. பொம்பளைக குடையப் புடிச்சுக்கிட்டு நின்னு பாக்கறாங்க. அவன் நடுவுல முழங்காலு வரைக்கும் தூளுக்குள்ள நின்னுட்டிருந்தான்.

நான் உள்ள வந்து படுத்துட்டேன்.

தை மாசம் அதே பாலக்காட்டுக்காரரு வந்தாரு. இந்த வாட்டி அவரு சொன்னதுதான் வெல. திருமூர்த்தி இப்ப சுந்தராபுரத்துல ஒரு பம்பு கம்பெனியில ஸ்டோரு பாக்கறான். இவனுக்கு நாப்பத்தேழு வயசு, ஒருத்தன் வந்து "ஏப்பா, அந்த நட்டு எடு"ங்கறான், இவன் எடுத்துக் குடுக்கறான். களத்துப் பொம்பளைகள்ல பாதிப் பேரு நூறு நாள் வேலைக்குப் போறாங்க, பாதிப் பேரு எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது. ரோட்டுல பாத்தா மொகத்தத் திருப்பிக்கறாங்க, என்னமோ நான் மழையப் பேஞ்ச மாதிரி.

நீங்களே சொல்லுங்க சார், இதுல என் தப்பு என்ன இருக்குது? வரி போட்டது நானா? பேப்பர்ல போட்டிருந்தத்தான சொன்னேன்? ஒரு வேள எறங்கியிருந்தா? எல்லாரும் என்னத் தலைல தூக்கி வெச்சு ஆடியிருக்க மாட்டாங்க?

திருமூர்த்தி என்ன ஒரு வார்த்த சொல்லலீங்க. அதுதான். திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிப்போட்டு ஆத்திக்குவேன். மொதல் வாட்டி சிவகாமியக் கூப்பிடப் போனப்ப, "வாங்க மச்சான்"னு எந்திரிச்சான். தண்ணி மோந்து குடுத்தான். இருக்கற ஒரே பேன என்ர பக்கம் திருப்பி வெச்சான். எனக்குச் சோறு எறங்கல.

ரெண்டாவது வாட்டி சிவகாமி பேசினா. பாத்திரம் வெளக்கிக்கிட்டே, திரும்பிப் பாக்காமக் கேட்டா. "அன்னிக்கு அவன் வந்து கேட்டப்ப, உங்களுக்கு நெசமாவே தெரிஞ்சுதா?"

"என்ன தெரிஞ்சுதா?"

"வரி எறங்கும்னு."

நான் தோள்ல கெடந்த துண்ட ஒதறி மடிச்சேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமுல்ல? சொல்லியிருந்தா அன்னிக்கே வித்துப்போட்டு நல்லாருந்திருப்பான். நான் அடுப்படியில நின்னு வேண்டிக்கிட்டிருந்தேன், இந்த மனுசன் ஒரே ஒரு வாட்டி தெரியலைன்னு சொல்லிறோணும் சாமின்னு. உங்களுக்கு வாக்கப்பட்டு முப்பது வருசமாச்சு. அந்த வார்த்த உங்க வாயில வந்து நான் கேட்டதில்ல." அழுகல சார். சட்டியத் தேச்சுக்கிட்டே சொன்னா. "இப்பச் சொல்லுங்க. எந்தம்பி முன்னால ஒக்காந்து, எனக்குத் தெரியாமத்தாண்டா சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த நிமிசமே பையத் தூக்கிட்டு உங்க பொறகால வந்தர்றேன்."

அவன் அடுத்த அறையிலதான் இருந்தான். கதவு தொறந்துதான் இருந்துச்சு. எந்திரிச்சு நாலு எட்டு வெச்சாப் போதும். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

எப்புடிங்க சொல்லறது? இருவது வருசமா நான் காத்துக் கெடந்த ஒரு கேள்விய அவன் வந்து கேட்டுப்போட்டான். என்னக் கேட்டுப்போட்டான். அப்பப் போயித் தெரியாதுன்னா, அப்பறம் நான் ஆருங்க?

அதான் உங்களப் பாத்ததும் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. இந்தக் கேள்வித்தாள் உங்குளுது. பதில் தெரியாமயா பதினஞ்சு மார்க்கு போட்டிருப்பீங்க? நீங்க படிச்சவரு. சொல்லுங்க, அன்னிக்கு ஆவணி மாசம் அவன் என்ன பண்ணியிருக்கோணும்? விக்கறதா, நிறுத்தறதா, வேற ஊருக்குத் திருப்பறதா? நாப்பது பொம்பளைகள என்ன பண்றது? கரெக்டான பதில எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் போயி அவங்கிட்ட, மாப்ள, அன்னிக்கு இதத்தாண்டா நான் சொல்ல வந்தேன், வாய் தவறிப்போச்சுன்னு சொல்லிக்கறேன். சிவகாமியும் கேட்டுட்டு வந்துருவா. ரோசனை பண்ணிச் சொல்லுங்க, அவசரமில்ல.

என்னங்க?

தெரியலையா?

வாத்தியாரு நீங்க. நீங்களே தெரியலைங்கறீங்க.

எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டீங்க! வாயத் தொறந்தீங்க, வந்துருச்சு. தொண்டையில எங்கயும் நிக்கலியே. மூஞ்சியும் மாறல உங்களுக்கு. நானும் காலைலருந்து ஊட்டுக்குள்ள தனியா நின்னு சொல்லிப் பாக்கறேன் சார். கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். "எனக்குத்..."ங்கற வரைக்கும் வருது. அதுக்கு மேல நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது.

ஈச்சனாரி தாண்டிட்டானா? அதுக்குள்ளயா. அடுத்தது சுந்தராபுரமுங்க.

மறுக்கா ஒரு வாட்டி சொல்லுங்க சார். மெதுவாச் சொல்லுங்க. உங்க வாயப் பாத்துக்கறேன்.

ஆமாங்க. அவ்வளவுதான். அவ்வளவுதான் அது.

என்னங்க கண்டக்டரே? சுந்தராபுரமா? இல்லீங்க தம்பி, இங்க யாரும் எறங்கல. நீங்க விசிலக் குடுங்க.